முதல் நாளில் கேட்கக் கூடாத கேள்வி

கல்லூரி திறந்த முதல் வாரம் மதுரையில் எந்த வளாகத்துக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சு காதில் விழும். "எந்த ஊரு?" "மேலூர்ப் பக்கம்." "மேலூர்ல எங்க?" ஊர்ப் பெயர் வரும். "அங்க எந்தத் தெரு?" அதிலும் பிடிபடவில்லை என்றால், "குலசாமி எது?" நான்கு கேள்வியில் சாதி தெரிந்துவிடும். யார் யாரோடு பெஞ்சில் உட்காருவது, யாரோடு டீ குடிக்கப் போவது என்பதெல்லாம் அந்த வாரத்திலேயே முடிவாகிவிடும். மூன்று வருடமும் அது மாறாது.

கல்லூரி ஆசிரியையாகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்து, உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு 7 நாள் சிறப்பு முகாம் அழைத்துப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன்: அறிமுகத்தைப் பிள்ளைகள் பாட்டுக்கு விட்டுவிடக் கூடாது. ஆசிரியர்தான் நடத்த வேண்டும், அதையும் விளையாட்டாக நடத்த வேண்டும்.

ஒரு சணல் உருண்டை போதும். முப்பது, நாற்பது பேர் வட்டமாக நிற்பார்கள். முதல் ஆள் தன் பெயரையும், நாம் கேட்ட கேள்விக்கு ஒரு வரிப் பதிலையும் சொல்லி, நுனியைக் கையில் பிடித்தபடி உருண்டையை எதிர்ப்பக்கம் வீச வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பது எப்போதும் ஒரே பஸ்ஸில் வந்த சிநேகிதியாகத்தான் இருக்கும். கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்போது நடுவில் பெரிய வலை பின்னியிருக்கும். அதற்குப் பிறகுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். வந்த வழியே சணலைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். தனக்கு வீசியவரின் பெயரையும் அவர் சொன்ன பதிலையும் சரியாகச் சொன்னால்தான் உருண்டையை அவரிடம் கொடுக்கலாம். மறந்தால் வட்டமே கத்தி எடுத்துக் கொடுக்கும்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "அப்பா என்ன வேலை?" கூடவே கூடாது. "பிடித்த சாப்பாடு" பலரும் கேட்பது. நம் ஊரில் அதுவும் நேராக வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்டால் அடுத்த பேச்சு, யாருக்கு முதல் மரியாதை என்பதுதான். நான் கேட்பது, "சைக்கிள் ஓட்ட யார் சொல்லிக்கொடுத்தது?" அண்ணன், சித்தப்பா, யாருமே இல்லை, குரங்குப் பெடல் போட்டு நானே என்று பதில்கள் வரும். ஒரு முகாமில் ஒரு மாணவி, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் தான் பழகி, பிறகு இருட்டியதும் கண்மாய்க் கரையில் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னாள். அந்த முகாம் முடியும்வரை எல்லோரும் அவளிடம் அம்மாவைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

யாருக்கு யார் சணல் வீசினார்களோ அவர்களைச் சேர்த்தே மறுநாள் வேலைக் குழு பிரிப்பேன். வாய்க்கால் தூர்வாருவதும் சாப்பாடு பரிமாறுவதும் அந்தக் குழுதான். நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கையில், வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருப்பதும், சாதி பார்த்துச் சேர்ந்துகொள்ளக் கூடாது என்ற இதே காரணத்துக்காகத்தான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட குழு அது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்கும் தடை வேண்டும் என்றது.

ஒன்றில் கறாராக இருக்க வேண்டும். மேடையேற்றிப் பாடு, ஆடு என்பது விளையாட்டு ஆகாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாணவருக்கு வெட்கமோ கூச்சமோ உண்டாக்கும் செயலையும் அந்தச் சட்டம் ராகிங் என்றே சொல்கிறது. அதனால் என் வட்டத்தில் பதில் சொல்ல விருப்பமில்லாதவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உருண்டையை வீசலாம். சீனியர்கள் நடத்த அனுமதி இல்லை. வட்டத்தில் நின்று அவர்களும் விளையாடலாம்.

"காலேஜ் பிள்ளைகளுக்கு விளையாட்டா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. புதிய மாணவர்களுக்கு அறிமுக நிகழ்ச்சி நடத்தச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே 'தீக்ஷாரம்ப்' வழிகாட்டியை வெளியிட்டுவிட்டது. பல இடங்களில் அது அரங்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, வரிசையாகப் பேசி, மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. மேடையில் இருப்பவர்கள் யார் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பெயர் தெரியாது.

சணல் உருண்டையால் சாதி போய்விடும் என்று நான் நம்பவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அது தினமும் வருகிறது, வீட்டிலிருந்தும் வருகிறது. ஆனால் ஒருவரின் சாதி தெரிவதற்கு முன்னால் அவர் எப்படிச் சைக்கிள் பழகினார் என்பது தெரிந்துவிட்டால், பிறகு அவரை வெறும் சாதியாக மட்டும் பார்ப்பது கடினம். முகாமுக்கு முகாம் இதைப் பார்த்திருக்கிறேன்.

வரும் ஜூனில் முதலாமாண்டு வகுப்புக்குப் போகும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் நாள் முதல் மணி நேரத்தைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளுங்கள். சணல் உருண்டை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நீங்களும் அந்த வட்டத்தில் நில்லுங்கள்.