தராசு ஏறியதும் தளர்ந்துவிடலாமா?



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் அயலில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு வயது 42. வந்தவர் கதிரையில் அமரும் முன்னரே, "அக்கா, உங்கள் சொல்லைக் கேட்டு நான் கெட்டேன்!" என்றார். கண்களில் நீர் ததும்பியது.

அவருடைய கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். அவர் 78 கிலோகிராம் நிறையுடையவராக இருந்தார். முழங்கால் நோவு வந்தபோது, நிறையைக் குறைக்குமாறு வைத்தியர் கூறினார். நாளொன்றுக்கு 1300 கலோரி என்று கணக்கிட்டு, ஐந்து மாதங்கள் உணவைச் சுருக்கினார். 70 கிலோகிராமுக்கு வந்தார். அதன்பின் ஐந்து வாரங்கள் தராசு அசையவேயில்லை. நித்திரை குறைந்தது; கோபம் மிகுந்தது; வகுப்பறையிலே நிற்பதற்கும் சோர்வு வந்தது. மீண்டும் வைத்தியரிடம் காட்டி, வேறு நோயெதுவும் இல்லையென்று அறிந்துகொண்ட பின்னர், சில வாரங்களுக்கு உணவை 1600 கலோரிக்கு உயர்த்திப் பாருங்கள் என்று நான் கூறியிருந்தேன். அவரும் அவ்வாறே செய்தார். ஏழாம் நாள் தராசில் ஏறினார். அது 71.4 என்று காட்டியது.

"ஐந்து வாரம் பட்டினி கிடந்தும் ஒரு கிராம் குறையவில்லை. ஒரு வாரம் சற்றே வயிறாற உண்டேன். ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது. இனி நான் என்ன செய்வேன்?" என்று அவர் வினவினார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. மறுநாள் நண்பகல் வரையில் வெறும் பிளேன்ரீயுடன் இருந்தார். ஆனால் அவரை என்னிடம் ஓடிவரச் செய்தது அதுவன்று. அவருடைய மகளுக்கு வயது 14. தாய் உண்ணாதிருப்பதைக் கண்ட அப்பிள்ளை, காலையில் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கும் வேண்டாம் அம்மா, நானும் குண்டாகிவிடுவேன்" என்றாளாம். அந்தச் சொல்தான் தாயின் நெஞ்சைச் சுட்டது.

இத்தகைய துன்பம் இவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நிறையைக் குறைக்க முயலும் பலர் இந்தக் கட்டத்தில்தான் மனமுடைகின்றனர். சிலர் முன்னிலும் கடுமையாகப் பட்டினி கிடப்பர். வேறு சிலர், "எல்லாம் வீண்" என்று கைவிட்டு, கண்டதை உண்ணத் தொடங்குவர். இரண்டும் கேட்டிற்கே வழி. ஆகையால் அச்சகோதரிக்கு நான் கூறியதை உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உடலிலுள்ள கொழுப்பு ஒரு கிலோகிராம் கூடுவதற்கு ஏறத்தாழ 7700 கலோரி மிகையாக வேண்டும். நம் ஆசிரியை நாளொன்றுக்கு 300 கலோரி வீதம் ஏழு நாட்களுக்குக் கூட்டியது 2100 கலோரி. அதிலே ஓர் அணுவும் செலவாகாமல், முழுவதும் கொழுப்பாகவே மாறியதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கூடியிருக்கக்கூடிய கொழுப்பு 270 கிராம் அளவே. தராசு காட்டியதோ 1400 கிராம். எஞ்சிய 1100 கிராமுக்கு மேற்பட்ட நிறை கொழுப்பாக இருத்தல் இயலாது. அப்படியாயின் அது என்ன?

அதிற் பெரும்பகுதி நீர். நாம் உண்ணும் சோறு, பாண், கிழங்கு முதலியவற்றிலுள்ள மாப்பொருளின் ஒரு பகுதியை, உடல் 'கிளைக்கோசன்' என்னும் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. ஈரலில் ஏறக்குறைய 100 கிராமும், தசைகளில் 400 கிராம் அளவும் அது தங்கும். வீட்டிலே அன்றாடச் செலவுக்கென்று பானையில் வைத்திருக்கும் அரிசி போன்றது அது. உணவைச் சுருக்கும் காலத்தில் அந்தப் பானை குறைந்துவிடுகிறது. உணவு கூடியதும் மீண்டும் நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் தன்னுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே 200 கிராம் நிரம்பினால், நீருடன் சேர்ந்து 800 கிராம் நிறை கூடிவிடும். இது கேடன்று. மாடிப்படி ஏறும்போது கால்கள் தளராதிருப்பதற்கு இச்சேமிப்பே துணை.

அடுத்தது உப்பு. வைத்தியசாலையில் நோயாளருக்கு ஏற்றும் சேலைன் நீரில் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் இரத்தத்திலும் உப்பு ஏறத்தாழ அந்தச் செறிவிலேயே காணப்படும். ஆகையால் கருவாட்டுக் குழம்பும், ஊறுகாயும், சம்பலுமாக வழக்கத்திலும் 3 கிராம் உப்பு மிகுதியாக உண்டால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரையில் 300 கிராம் அளவு நீர் உடலில் தங்கக்கூடும். இவற்றுடன், கூடுதலாக உண்ட உணவே குடலில் இருக்கும்போது அதற்கும் ஒரு நிறை உண்டு. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் நீர் தங்குவதும் இயல்பு. இவையனைத்தையும் தராசு ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அதற்குக் கொழுப்பு எது, நீர் எது என்று பிரித்தறியத் தெரியாது.

"அப்படியானால், ஐந்து வாரம் நிறை ஏன் நின்றது?" என்று சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான்.

78 கிலோகிராம் உடலைச் சுமந்து நடப்பதற்கு வேண்டிய சக்தி, 70 கிலோகிராம் உடலுக்கு வேண்டியதில்லை. ஆகவே முன்பு குறைவாக இருந்த உணவு, இப்போது போதுமானதாகிவிடுகிறது. மேலும், சோர்ந்த உடல் நாமறியாமலே அசைவைக் குறைத்துக்கொள்ளும். நின்று செய்த வேலையை இருந்து செய்வோம். இரு முறை ஏறிய படியை ஒரு முறையே ஏறுவோம். மூன்றாவது காரணம் சொல்வதற்குச் சற்றுச் சங்கடமானது: நாள் செல்லச் செல்ல அகப்பை தானாகவே பெருத்துவிடும்! நியூயோர்க் நகரில் நிகழ்ந்து 1992-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், "1200 கலோரிக்குக் குறைவாகவே உண்கிறோம், ஆயினும் நிறை குறையவில்லை" என்று கூறியவர்களைச் சோதித்தனர். அவர்கள் உண்மையில் உண்டது, தாம் கூறியதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரியவந்தது. அவர்கள் பொய்யரல்லர். பிள்ளையின் தட்டில் எஞ்சியதும், கறி பதம் பார்த்ததும், தாளிக்க ஊற்றிய எண்ணெயும் எவருடைய கணக்கில் ஏறுகின்றன?

நான்காவது காரணமும் நீரே. இதற்குச் சரித்திரப் பிரசித்தி பெற்ற சான்றொன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். போரிலே ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். 1945-ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவிற் பாதியளவே வழங்கப்பட்டது. தம் நிறையிற் காற்பங்கை அவர்கள் இழந்தனர். எந்நேரமும் உணவைப் பற்றியே சிந்தித்தனர், குளிரால் நடுங்கினர், சினமும் சோகமும் கொண்டனர். கொழுப்பும் தசையும் கரைந்துகொண்டிருந்த அதே வேளையில் அவர்களுடைய கால்களில் நீர் தேங்கி வீங்கிற்று. அதனாலே தராசு காட்டிய குறைவு, உண்மையான குறைவிலும் சிறிதாயிற்று. நம் ஆசிரியையின் உணவுக்கட்டுப்பாடு அத்தனை கொடியதன்று. ஆயினும் உடலின் போக்கு அதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. "உணவைக் கூட்டினால் கொழுப்பு விரைந்து கரையும்" என்று சிலர் கூறித் திரிகின்றனர். அது மாயவித்தைப் பேச்சு. உணவைக் கூட்டுவது களைத்த உடலுக்கு ஓய்வளிப்பதற்காகவே. நித்திரை திரும்பும், நடை உற்சாகம் பெறும், பசியின் வெறி தணியும், மறுபடி நிதானமாக உணவைக் குறைப்பதற்கு மனவலிமை பிறக்கும். நெடுந்தூரம் சுமை தூக்கிச் செல்பவன் சுமைதாங்கிக் கல்லிலே சுமையை இறக்கி வைப்பதில்லையா? இளைப்பாறும் அந்நேரத்தில் வழி குறையவில்லையே என்று அவன் வருந்துவதில்லை.

சரி, செய்யவேண்டியது யாது?

உணவைக் கூட்டும்போது அளந்து கூட்டுங்கள். 300 கலோரி என்பது பெரிய விருந்தன்று. ஒரு கோப்பைச் சோறு 200 கலோரி அளவு. அவித்த முட்டை ஒன்று 75. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் 40. இம்மூன்றும் சேர்ந்தாலே கணக்கு முடிந்துவிட்டது. மீன், முட்டை, பயறு, கடலை, பருப்பு ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். அவை தசையைக் காக்கும். மரக்கறியையும் கீரையையும் குறைக்கவேண்டாம்.

காலையில் மலசலம் கழித்து, எதுவும் உண்பதற்கு முன், ஒரே விதமான உடையுடன் நிறையைப் பாருங்கள். ஒரு நாளின் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். ஏழு நாட்களின் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். தையற்காரர் பயன்படுத்தும் நாடாவால் இடுப்பையும் வாரம் ஒருமுறை அளந்து வையுங்கள். நிறை ஏறியும் இடுப்பு ஏறாதிருந்தால், அது பெரும்பாலும் நீரென்றே கொள்ளலாம். தினமும் தராசைக் கண்டு மனம் கலங்குபவர்கள், தராசை விடுத்து நாடாவையே நம்பலாம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு எந்தத் தீர்மானமும் செய்யவேண்டாம். நான்கு வாரங்களின் பின்னரும் சராசரி வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால், இடுப்பும் பெருத்தால், அது கொழுப்புத்தான். அப்போதும் பட்டினி வேண்டாம். 100 அல்லது 150 கலோரி குறைத்தாற் போதும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறிக் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, "நீர்தானே" என்று வாளாவிருக்கலாகாது. இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நோயாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரின் ஆலோசனையின்றி உணவை மாற்றவேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு இக்கலோரிக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

இவற்றைக் கேட்டபின் ஆசிரியை சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்பு, "மகளுக்கு என்ன சொல்வேன், அக்கா?" என்றார். "சொல்லவேண்டாம். இன்றிரவு அவளருகில் அமர்ந்து உண்ணுங்கள். தராசை அவள் கண்ணிற் படாத இடத்தில் வையுங்கள். உடம்பைப் பழித்து அவள் முன்னே ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்" என்றேன்.

அவர் அவ்விதமே நடந்தார். இரண்டாம் வாரச் சராசரி 71.3, மூன்றாம் வாரம் 71.0; நான்காம் வாரம் 70.8. நித்திரை சீராயிற்று. மாலையில் மகளுடன் நடக்கவும் தொடங்கினார். ஐந்தாம் வாரம் உணவை அளவாகக் குறைத்தபோது, சராசரி ஒரே வாரத்தில் 70.1 ஆயிற்று. அன்று வேலிக்கு அப்பாலிருந்து, "அக்கா, எழுநூறு கிராம் இறங்கிவிட்டது! இதிலும் பெரும்பகுதி நீர்தானே? நான் ஏமாறமாட்டேன்" என்று கூறிச் சிரித்தார். ஏறும்போது கலங்காமலும், இறங்கும்போது மயங்காமலும் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நான் மகிழ்ந்தேன். இப்போது அவர் நிறை 68.5. இடியப்பத் தட்டு மீண்டும் காலியாகிறது என்பது அதனினும் நல்ல செய்தி.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கவேண்டும் என்பது நம் அடுக்களைகளிற் பிறந்த பழமொழி. ஐந்து மாதம் பொறுத்தவர்களுக்கு இன்னும் நான்கு வாரம் பொறுத்தல் பெரிதா?