ஆகாய இரைச்சலும் ஓங்காரப் புரட்டும்

சமீப காலமாகச் சில பிரசங்கிகள் ஒரு புதுச் சரக்கைக் கடைவிரித்திருக்கிறார்கள். ஆகாயத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஓர் இரைச்சல் வருவதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்களாம், அதுதான் ஓங்காரமாம், ஆகவே பிரபஞ்சம் உண்டான விதத்தை ரிஷிகள் முன்னமே சொல்லிவிட்டார்களாம்!

தோழர்களே! நடந்த சங்கதி என்ன? 1964-ல் அமெரிக்காவில், நியூஜெர்சி மாகாணத்து ஹோம்டெல் என்ற ஊரில், பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் ஒரு பெரிய ரேடியோ ஏரியலை வைத்து ஆராய்ந்துவந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், இரவானாலும் பகலானாலும், குறையாத ஓர் இரைச்சல் அதில் பதிவாயிற்று. அவர்கள் அதை அசரீரி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களா? இல்லை. முதலில் தங்கள் கருவியையே சந்தேகித்தார்கள். அதற்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை அப்புறப்படுத்தி, எச்சத்தையும் துடைத்தெறிந்தார்கள். அப்போதும் இரைச்சல் போகவில்லை. 1965-ல்தான் உண்மை விளங்கிற்று.

இரைச்சல் என்பது ரேடியோக்காரர் பாஷை. அது காதுக்குக் கேட்கும் சத்தமே அல்ல. வெளிச்சத்தின் இனத்தைச் சேர்ந்த கதிர். சுமார் 1380 கோடி வருஷங்களுக்கு முன் பிரபஞ்சம் நெருங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. விரிய விரிய ஆறிற்று. சுமார் 3,80,000 வருஷங்கள் சென்று, உஷ்ணம் 3000 டிகிரி அளவுக்கு இறங்கியதும் அணுக்கள் உண்டாயின; மூடுபனி விலகினாற்போல் வெளிச்சம் தடையின்றிப் பரவிற்று. அடுப்பு அணைந்த பின்னும் சுவரில் தங்கும் சூடு போல, அந்த வெளிச்சத்தின் மிச்சமே இன்று நம்மை வந்தடைகிறது.

முன்னமே சொன்னவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 1948-ல் ஆல்பர், ஹெர்மன் என்ற இருவர், அதற்கு மேல் குளிர முடியாது என்ற நிலைக்குச் சுமார் 5 டிகிரி மேலே இந்த மிச்சச் சூடு இருக்க வேண்டுமென்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அளந்தபோது சுமார் 3 டிகிரி இருந்தது. ஓங்காரத்தில் எத்தனை டிகிரி எழுதியிருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

இந்தப் புரட்டு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1951-ல் போப் 12-ம் பயஸும் பிரபஞ்சம் விரிகிறது என்பதைச் சிருஷ்டிக்குச் சாட்சியாக இழுத்தார். அக்கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான லெமேத்ரே, தாமே பாதிரியாராக இருந்தும், அப்படிக் கலப்பதை விரும்பவில்லை. அவருக்கிருந்த நாணயம் நம் பிரசங்கிகளுக்கு இருக்கக் கூடாதா?

ஆகவே, உங்கள் ஊருக்கு இந்தச் சரக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தக் கருவியால் பார்த்தார்கள்? எவ்வளவு என்று அளந்தார்கள்? தப்பாயிருக்குமோ என்று எவர் சோதித்தார்? பதில் வராவிட்டால் தட்டில் காசு போடாமல் எழுந்து வாருங்கள்.