கலைமான் குடிக்காத தண்ணீர்

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகும் பாதையில் கங்கைகொண்டான் என்று ஓர் ஊர் இருக்கிறது. குற்றால மலையில் பிறந்து வரும் சிற்றாறு அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய், சீவலப்பேரி அருகே தாமிரபருணியோடு கலக்கிறது. ஊரின் பெயரில் ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் கங்கைக் கரை வரையில் படை அனுப்பி வெற்றி கண்ட முதலாம் ராஜேந்திர சோழனுடைய விருதுப் பெயர் அது. சோழர்களுடைய ஆதிக்கம் பாண்டிய நாட்டில் பரவியிருந்ததற்கு இந்தப் பெயரே சாட்சி.

அந்தச் சைனியம் போய்விட்டது, ராஜ்யமும் போய்விட்டது. இன்று அந்த ஊருக்கு வேறொரு விஷயத்தில் பிரசித்தி ஏற்பட்டிருக்கிறது. அங்கே முட்செடிகளும் புதர்களும் மண்டிய காடு ஒன்று உண்டு. அதில் புள்ளிமான்கள் கூட்டங் கூட்டமாக வசிக்கின்றன. ஏறக்குறைய 288 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டை 2013-ஆம் ஆண்டில் புள்ளிமான் சரணாலயமாகச் சர்க்கார் அறிவித்தார்கள். பக்கத்திலேயே தொழிற்பேட்டை, ஓயாமல் வண்டிகள் பறக்கும் நாற்கரச் சாலை. இவற்றுக்கு நடுவே, சித்திரை வைகாசி வெய்யிலில் அந்தச் சாதுப் பிராணிகள் பிழைத்துக் கிடக்கின்றன.

மான் என்றவுடனே நமக்கு என்ன நினைவு வருகிறது? பெண்களுடைய கண்! "மான்விழியாள்" என்று சொல்லிச் சொல்லி, மானுக்குக் கண்ணைத் தவிர வேறு அவயவமே கிடையாது என்று நினைக்கும்படி செய்துவிட்டார்கள் நம்முடைய பிற்காலத்துப் புலவர்கள். ஆனால் பழந்தமிழ்ப் புலவர்கள் இருவர் மானின் கண்ணைப் பார்க்கவில்லை. அதன் தாகத்தைப் பார்த்தார்கள். அன்புக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை, வேறு யாரும் காட்டாத விதமாக, அந்தத் தாகத்தைக் கொண்டே காட்டிவிட்டார்கள்.

முதலாமவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. சேர அரசர் குலத்தவர். கலித்தொகையில் உள்ள பாலைப் பாட்டுக்கள் அவர் பாடியவை என்பது வழக்கு. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் 1887-ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்திராவிட்டால் ஏட்டுச் சுவடியிலேயே அடைந்து கிடந்திருக்கக்கூடிய செல்வம் அது.

அதில் ஒரு பாட்டு. கணவன் பொருள் தேடப் போயிருக்கிறான். போகும்போது வெறுமனே போகவில்லை. காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "பொருள் இருந்தால்தான் இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம், பகைவரை அடக்கலாம், நாமும் இன்புற்று வாழலாம்" என்று. நியாயமான காரணங்கள்தாம். ஆனால் போகிற வழியோ கொடும் பாலை. கால் வைத்தால் பொசுக்கும். மரங்கள் இலை உதிர்ந்து நிற்கின்றன. அந்த வழியைப் பற்றி மனைவியிடம் சொன்னவன் கூடவே வேறு சில காட்சிகளையும் சொல்லியிருக்கிறான்.

அந்தக் காட்டில் ஒரு குட்டையிலே கொஞ்சம் நீர் இருக்கிறது. அதையும் யானைக் கன்று கலக்கிவிட்டது. எஞ்சிய நீரை ஆண் யானை முதலில் பிடிக்குக் கொடுக்கிறது. அதற்கப்புறமே தான் குடிக்கிறது. வெப்பத்தில் வாடும் பெண் புறாவுக்கு ஆண் புறா தன் மெல்லிய சிறகால் விசிறுகிறது. ஒதுங்க நிழல் இல்லாமல் துவளும் பிணைமானுக்கு அருகே போய் நின்று, தன் உடம்பின் நிழல் அதன்மேல் விழும்படி செய்கிறது கலைமான்.

அந்த மூன்றாவது காட்சியைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். யானையிடம் கொடுப்பதற்கு நீர் இருந்தது. புறாவிடம் சிறகு இருந்தது. கலைமானிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. வெய்யிலில் நிற்கிற உடம்பு ஒன்றுதான் இருக்கிறது. வெய்யிலைத் தான் வாங்கிக்கொண்டு, நிழலைப் பிணைக்குத் தந்துவிடுகிறது. ஒன்றும் இல்லாதவனும் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் உண்டா?

வீட்டிலிருக்கும் அந்தப் பெண் தோழியிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறாள். "இத்தகைய அன்பைக் காட்டும் காட்டு வழியே போனவர் நம்மை வாட விடமாட்டார். வந்துவிடுவார்" என்கிறாள். பல்லி நல்ல இடத்தில் சொல்கிறது, இடக்கண் துடிக்கிறது. நம்முடைய வீடுகளில் இன்றைக்கும் பார்க்கிற சகுனங்கள் அல்லவா? பட்டணத்துக்கும் பம்பாய்க்கும் அரபு நாடுகளுக்கும் பிழைப்புத் தேடி மக்கள் போகிற தாமிரபருணிக் கரைக் கிராமங்களில், இந்தப் பாட்டுக்கு உரையாசிரியரே தேவையில்லை.

இரண்டாவது புலவர் மாறன் பொறையனார். ஐம்பதே பாட்டுக்கள் கொண்ட ஐந்திணை ஐம்பது என்ற சிறு நூலைச் செய்தவர். அவர் கலைமானை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். ஒரு சுனையில் கொஞ்சம் நீர் கிடக்கிறது. கலையும் பிணையுமாக இரண்டு மான்கள் வருகின்றன. இரண்டுக்கும் தாகம், நீரோ இரண்டுக்கும் போதாது. கலைமான் விலகி நின்றால் என்ன ஆகும்? பிணையும் குடிக்காது. ஆகவே கலைமான் ஒரு தந்திரம் செய்கிறது. சுனையில் வாயை வைத்து உறிஞ்சுவதுபோலப் பாசாங்கு செய்கிறது! அதுவும் குடிக்கிறது என்று நம்பிப் பிணை நிம்மதியாகக் குடிக்கிறது.

இந்த ஒரு பொய்க்கு எத்தனை மெய்யை வேண்டுமானாலும் ஈடாகக் கொடுத்துவிடலாம். தியாகம் செய்கிறவர்கள் உலகத்தில் உண்டு. ஆனால் தியாகம் செய்வது தெரியாதபடி செய்கிறவர்கள் மிகச் சிலர். "உனக்காக நான் தாகத்தோடு நிற்கிறேன், பார்!" என்று காட்டிக்கொண்டால், கொடுத்த நீரிலே உப்பைப் போட்டது போலத்தான். குடிப்பவருக்கு அது இறங்குமா?

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். "புள்ளிமான்கள் கூட்டமாக வாழ்பவை, ஒரு கலையும் ஒரு பிணையும் ஆயுள் முழுவதும் ஜோடியாக இருக்கும் வழக்கம் அவற்றிடம் கிடையாதே!" என்று. உண்மைதான். பிராணி சாஸ்திரிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பாட்டில் பேசுகிறவர் பிராணி சாஸ்திரி அல்ல; கணவனைப் பாலை வழியே அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கும் பெண். தான் நேரே கண்டதாக அவள் சொல்லவில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறாள். அந்தச் சுரத்தில் அன்பு இருக்கிறது என்று நம்பாவிட்டால் அவளால் இன்றைய பொழுதைத் தள்ள முடியாது. மான் செய்ததோ இல்லையோ, அவளுக்கு அது வேண்டியிருந்தது. உயிரைப் பிடித்து நிறுத்துகிற அந்த வேலையைச் செய்வதும் அன்பின் சக்திதானே!

இனிக் காவிய மானுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாயமானை அறியாத குழந்தை இல்லை. பொன்மயமான மானைச் சீதை பார்க்கிறாள், வேண்டும் என்கிறாள். "இது மாயம்" என்று தடுக்கிறான் இலக்குவன். பிறகு தானே போய்ப் பிடித்து வருவதாகவும் சொல்கிறான். அப்போது கம்பர் காட்டும் சீதை, "நீங்களே பிடித்துத் தர மாட்டீர்கள் போலிருக்கிறது" என்று இராமனைப் பார்த்துச் சொல்லி, கண் கலங்க ஊடிக்கொண்டு போகிறாள். அவளுக்கு வேண்டியது மான் மாத்திரம் அல்ல. அவன் கையால் பிடித்துக் கொடுத்த மான்! எவ்வளவு அழகான, எவ்வளவு இயல்பான ஆசை! இராமன் வில்லை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அதிலிருந்து பிறந்தவைதாம் பிரிவு, கடலுக்கு அணை, இலங்கையில் யுத்தம் எல்லாம்.

இதனால் சீதையைக் குறை கூறுகிறவர்கள் உண்டு. அது காவியத்தைப் படிக்கும் முறையல்ல. கம்பர் குறை கூறவில்லை. ஆனாலும் சுனைக்கரை மானையும் பஞ்சவடி மானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தென்படுகிறது. கேட்டதைக் கொண்டுவந்து தருவதும் அன்புதான். இராமனுடைய அன்புக்கு என்ன குறைச்சல்? ஆனால் கேளாமலே தாகத்தை அறிந்துகொள்வது அதனினும் அரிய அன்பு. ஆசைக்கு வாய் உண்டு; தாகத்துக்குப் பல சமயங்களில் வாயே இருப்பதில்லை.

அதே சீதை பின்னால் எப்படி உயர்ந்து நிற்கிறாள், பாருங்கள். அசோகவனத்தில் அநுமன் வந்து, "தாயே, தங்களை என் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன்" என்கிறான். அவள் மறுக்கிறாள். அதற்கு அவள் கூறும் காரணங்களில் ஒன்று தமிழர்கள் நெஞ்சில் பொறித்து வைத்துக்கொண்டிருப்பது. இலங்கை என்ன, எல்லா உலகங்களையுமே தன் வாய்ச் சொல்லால் எரித்துவிட அவளால் முடியுமாம். ஆனால் அப்படிச் செய்தால் இராமனுடைய வில்லுக்குக் களங்கம் உண்டாகும் என்று அந்தச் சக்தியை உபயோகிக்காமல் விட்டிருக்கிறாளாம்.

தண்ணீர் வாயருகே இருந்தும் குடிக்காமல் நின்றது கலைமான். நெருப்பு நாவிலே இருந்தும் எரிக்காமல் இருந்தாள் சீதை. ஒருவர் உறிஞ்சுவதுபோல் நடித்தார். மற்றவர் அபலையைப்போல் சிறையிருந்தார். இரண்டும் ஒரே காரியந்தான். அன்பின் சக்தி என்று நம் கவிகள் சொல்வது இதைத்தான் என்று தோன்றுகிறது. தனக்கு முடிகிற ஒன்றை, மற்றவருக்காகச் செய்யாமல் அடக்கிக்கொள்ளும் சக்தி. மலையைத் தூக்குவதற்கும் மாநிலத்தை வெல்வதற்கும் வேண்டிய பலம் இதற்குப் போதாது. கங்கையை வென்றவர்களைக் கல்வெட்டுக்கள் எண்ணிச் சொல்லும். சுனை நீரை விட்டுக்கொடுத்தவர்களை எந்தக் கல்வெட்டும் எண்ணவில்லை, கவிகள்தாம் எண்ணினார்கள்.

"இதெல்லாம் ஏட்டிலே இருக்கலாம், நாட்டிலே உண்டா?" என்று நேயர்கள் கேட்பீர்கள். ஏன் இல்லை? நம்முடைய அடுக்களைகளில் தினந்தோறும் நடக்கிறதே! எதிர்பாராமல் விருந்தாளி வந்த இரவு. குழம்புச் சட்டியில் ஒரு கரண்டிதான் மிச்சம். "உனக்கு இருக்கிறதா?" என்று பேருக்கு ஒரு கேள்வி கேட்கிறோம். "எனக்கென்ன, நான் அப்போதே சாப்பிட்டாயிற்று" என்று பதில் வருகிறது. அம்மாவும் ஆச்சியும் அந்தப் பொய்யை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள்! நாமும் நம்பி, கடைசிக் கரண்டியையும் போட்டுக்கொண்டு எழுந்து கை கழுவியிருக்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புலவர்கள் பாட்டில் விட்டுக்கொடுப்பது யார்? பிணைமான் அல்ல; கலைமான். பிடி அல்ல, களிறு. பெண் புறா அல்ல, ஆண் புறா. பாலை நிலத்தில் தாகத்தைப் பொறுத்துக்கொள்ளும் பொறுப்பை அந்தப் புலவர்கள் ஆணின் பங்காகவே வைத்தார்கள். நம் வீடுகளில் அது எப்படியோ இடம் மாறிவிட்டது. பாசாங்கு செய்து பட்டினி கிடப்பது பெண்களின் சுபாவம் என்றே நாம் முடிவு கட்டிவிட்டோம். அதைப் பெருமையாகப் பேசி, கதைகளில் எழுதி, சினிமாவிலும் காட்டி ஆனந்தக் கண்ணீர் விடுகிறோம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நேரே இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறோம்!

அகப்பாட்டு என்றால் சிறுசுகள் கையில் கொடுக்கக் கூடாத சமாசாரம் என்று கருதும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம் இது: பெண்களுக்குக் கொடுக்கத் தயக்கமாயிருந்தால், முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கலித்தொகை மானைப் பற்றிப் படித்த பிள்ளை, தன் வீட்டில் யார் வெய்யிலில் நிற்கிறார்கள் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான்.

பாலை என்பது தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியுமே மழை வறண்டு வெம்பிப் போனால் பாலையாகிவிடும் என்கிறார் இளங்கோவடிகள். வீடும் அப்படியே. பணம் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவருடைய தாகம் தெரியாமற் போனால் எந்த மாளிகையும் பாலைதான். தெரிந்துவிட்டால், ஒரு மானின் உடம்பு அளவு நிழல் போதும்; அங்கே ஓர் உயிர் பிழைத்துக்கொள்ளும்.