லேபிளைப் படிக்காதது மாணவர் குற்றமா?

சாரல் காலத்தில் குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள்தான். அருவியில் நின்றுவிட்டு வந்தால் பசி பிடுங்கும். ஒரு கையில் சிப்ஸ், மறு கையில் குளிர்பானம். பிரிப்பதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. “ஏல, எக்ஸ்பைரி பாத்தியா?” என்று ஒருவன் கேட்பான். தேதி சரியாக இருந்தால் பிரித்துவிடுவார்கள். பார்க்கிற நமக்கு மனம் நிறைந்துவிடுகிறது. படித்த பிள்ளைகள், லேபிள் பார்த்து வாங்குகிறார்கள், தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம். பெற்றோர், பேராசிரியர், கம்பெனி, அரசு என்று எல்லோருக்கும் வசதியான இந்த நம்பிக்கை தவறானது. அதனால் கெடுதலும் நடக்கிறது.

அந்தத் தேதி சொல்வது ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பது இன்னும் கெட்டுப்போகவில்லை. பச்சைப் புள்ளி சைவம் என்கிறது. 14 இலக்க எண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்கிறது. இதைத் தினமும் தின்னலாமா என்ற கேள்விக்கு இந்த மூன்றிலும் பதில் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த நகரத்திலும் டெல்லியிலும் விசாரித்தபோது, பெரும்பாலோர் லேபிளைப் பார்ப்பதாகத்தான் சொன்னார்கள். பார்த்தது பெரும்பாலும் தேதியை. ஊட்டச்சத்து விவரத்தையும் சேர்மானங்களையும் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. தலைநகரத்தின் நிலையே இது.

தென்காசிக்கு வருவோம். ஆலங்குளம், கடையம் பக்கத்துக் கிராமங்களில் அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்த பெண், பன்னிரண்டு வருஷம் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறாள். அவள் கையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டில் எழுதியிருப்பது ஆங்கிலம். உணவு லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்பது சட்டம். தமிழ் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. மைதா கெடுதல் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பாக்கெட்டில் இருப்பதோ ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்’. சர்க்கரை அங்கே இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று வெவ்வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கிறது. எடையில் அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவளுக்கு நம்மில் யார், எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம்?

ஆங்கிலம் சரளமாக வாசிக்கிறவருக்கும் அடுத்த தடை கணக்கு. அட்டவணை 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று சொல்லும். கையில் இருப்பது 600 மில்லி பாட்டில். பெருக்கினால் 66 கிராம். சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு லேபிள் விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு நாள் அளவே 50 கிராம்தான். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அது தாண்டிப்போகிறது. உப்போ உப்பு என்ற பெயரிலேயே இருக்காது. சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு தெரியும். ஆயிரம் மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த 5 கிராம் எல்லையில் அது பாதி. கடை வாசலில் நின்றுகொண்டு இத்தனையையும் மனத்தில் போட்டுப் பார் என்று சொல்லிவிட்டு, பார்க்காதவனைச் சோம்பேறி என்கிறோம். இது அநியாயம்.

இத்தனைக்கும் முன்பக்கம் எல்லாம் பெரிய எழுத்து. பழச்சாறு பாக்கெட்டுகளில் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போட்டுக்கொண்டிருந்ததை நீக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட 2024 ஜூன் ஆனது. அதைவிடக் கொடுமை, வயிற்றுப்போக்கில் நீரிழப்புக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலின் விவகாரம். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதைவிடப் பல மடங்கு சர்க்கரை உள்ள பானங்கள் அதே பெயரைத் தாங்கி மருந்துக் கடையிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான் அத்தகைய பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தடை வந்தது. மருந்துக் கடையில் ஏமாந்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். படிப்பு அவர்களைக் காக்கவில்லை.

இந்த விவரங்களே இல்லாத தீனியும் நிறைய. பாக்கெட்டின் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் சேர்மானமும் ஊட்டச்சத்தும் அச்சிடத் தேவையில்லை. பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கும், எடை போட்டுக் கொடுக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் ஊட்டச்சத்து அட்டவணை கிடையாது.

கொஞ்சம் முயன்றால் மாணவர்கள் கற்றுக்கொள்ளலாமே என்பார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான். கல்லூரிகள் முதலாண்டிலேயே ஒரு பாக்கெட்டை மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆனால் எச்சரிக்க வேண்டியது விற்கிறவன் கடமை. அதை வாங்குகிறவனின் படிப்பறிவின் மேல் சுமத்தக் கூடாது. அரசுக்கும் இது தெரியாததல்ல. அந்தப் பெண்ணின் அம்மா சுற்றுகிற பீடியின் கட்டில் 85 சதவீத இடத்தைப் படத்தோடு கூடிய எச்சரிக்கை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. எழுத்தறியாதவருக்கும் அது புரியும். அதே வீட்டுக்குள் வரும் சர்க்கரைப் பானத்துக்கு மட்டும் பின்பக்கத்தில் பொடி எழுத்துப் போதுமா?

சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருள்களின் முன்பக்கத்தில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரையைக் கட்டாயமாக்கியது. விளம்பரங்களையும் கட்டுப்படுத்தியது. முத்திரை விழுந்த பானங்களை வீடுகள் வாங்குவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. நம் ஆணையமோ 2022இல் நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. அதில் சர்க்கரைக்கு இழந்த மதிப்பெண்ணை நார்ச்சத்தும் பருப்பும் சேர்த்து ஈடுகட்டிக்கொள்ள முடியும். நட்சத்திரம் பாராட்டுகிற குறி. எச்சரிக்கிற இடத்தில் அதை வைப்பது மோசடிக்குத் துணைபோவது. முன்பக்க லேபிள் வழக்கில், பரிந்துரைகளை முடிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு விதித்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

தென்காசி மாணவர்களே, உங்கள் அறியாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் விற்கும் பொருளில் எங்கள் மொழியில் எழுது, எச்சரிக்கையை முன்பக்கத்தில் கறுப்பில் போடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும், உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதுங்கள். உங்கள் பேராசிரியர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.