மாவோரி இல்லையேல் பயணம் இல்லை!

ஒரு நாட்டின் ஆட்ட அணி அறிவிக்கப்படும் நாளிலே அந்நாட்டு மக்கள் அனைவரும் தெரிவாளராகிவிடுகின்றனர். இன்னார் ஏன் எடுக்கப்பட்டார், அவரினும் வல்லவரான இன்னார் ஏன் விடப்பட்டார் என்னும் வழக்கு கடைத்தெருவிலும் கந்தோரிலும் நாட்கணக்காக நடைபெறும். றகர் ஆட்டத்தை உயிராகப் போற்றும் நியூசிலாந்திலே இவ்வழக்கின் சூட்டைச் சொல்லவே வேண்டியதில்லை. பாற்பண்ணைக்காரரும் நியாயவாதியும் சரிநிகராக அமர்ந்து வாதாடும் பொருள் அது.

ஆனால், 1959ஆம், 1960ஆம் ஆண்டுகளில் அந்நாட்டார் நடத்திய வழக்கு ஒருவரது ஓட்டத்தின் விரைவையோ இன்னொருவரது உதையின் குறியையோ பற்றியதன்று. ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் அவர்களது தேசிய அணி தென்னாபிரிக்காவுக்குச் செல்லும்போது, நாட்டின் ஆதிக்குடிகளாகிய மாவோரியர் அதில் இடம்பெறலாமா என்பதே வழக்கு. ஆட வல்லவரா என்று எவரும் கேட்கவில்லை. எந்த இனத்திற் பிறந்தவர் என்றே கேட்டனர். ஓர் அணியைத் தெரிவது தெரிவாளர் சிலரின் தனியுரிமையா, அன்றி எந்த மக்களின் பெயரால் அந்த அணி ஆடுகின்றதோ அந்த மக்களின் விடயமா என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருந்தது. அது மக்களின் விடயமே என்பது நமது துணிபு. அந்நாட்டு வரலாறே அதற்குச் சான்று பகரும்.

நியூசிலாந்தின் றகர் ஆட்டத்திலே மாவோரியர் இரந்து இடம்பெற்றவர் அல்லர். 1888, 1889ஆம் ஆண்டுகளில் மாவோரியரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஓர் அணி பிரிட்டன் வரை சென்று, அச்சுற்றுப்பயணத்திலே 107 றகர் ஆட்டங்களை ஆடிற்று. அவ்வணியில் ஆடிய தோமஸ் எலிசன் என்னும் மாவோரியரே, 1892இல் அமைந்த நியூசிலாந்து றகர் சங்கம் 1893இல் அனுப்பிய முதலாவது அணிக்குத் தலைவர். வெள்ளிப் பன்ன இலை பொறித்த கருஞ்சட்டையே நாட்டின் அணிக்கு உடையாக வேண்டுமென்று முன்மொழிந்தவரும் அவரே. இன்று உலகம் அறிந்த அந்தக் கருஞ்சட்டை ஒரு மாவோரியரின் மொழிவால் வந்தது என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோமாக.

1924ஆம் ஆண்டு சென்ற அணியிலே ஜோர்ஜ் நெப்பியா என்னும் பத்தொன்பது வயது மாவோரி இளைஞர் இருந்தார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பிரான்சிலும் அவ்வணி ஆடிய 30 ஆட்டங்களிலும் அவர் ஆடினார். ஓர் ஆட்டத்திலேனும் அவ்வணி தோற்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1928இல் அணி தென்னாபிரிக்காவுக்குப் புறப்பட்டபோது நெப்பியாவின் பெயர் பட்டியலில் இல்லை. அவரோடு முன்னர் ஆடிய ஜிம்மி மில் என்னும் மாவோரியரின் பெயரும் இல்லை. அவர்களுடைய ஆற்றல் குன்றிவிடவில்லை, செல்லுமிடமே மாறியிருந்தது.

இனஒதுக்கல் தென்னாபிரிக்காவின் அரச கொள்கையாக 1948இல் அறிவிக்கப்படுமுன்னரே இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. 1919இல் நியூசிலாந்து இராணுவ அணியுடன் சென்ற ரஞ்சி வில்சன் என்பார், மேற்கிந்தியக் கலப்பினர் என்ற காரணத்தால் அங்கே ஆட விடப்படவில்லை. 1921இல் தென்னாபிரிக்க அணி நேப்பியர் நகரிலே மாவோரி அணியுடன் மோதி ஒரு புள்ளியால் வென்றது. வெள்ளையரான பார்வையாளர் தம் இனத்தவருக்கு எதிராக மாவோரியரை ஊக்கி ஆரவாரித்ததைக் கண்டு அருவருப்புற்ற தென்னாபிரிக்கச் செய்தியாளர் ஒருவர் தம் நாட்டுக்கு அனுப்பிய தந்தி வெளியாகிப் பெரும் கொதிப்பை ஏற்படுத்திற்று. அந்த அருவருப்புக்கு இடங்கொடாமல் நிமிர்ந்து நிற்க வேண்டிய நியூசிலாந்துச் சங்கமோ, விருந்தினரின் மனங்கோணாதபடி தன் வீட்டுப் பிள்ளைகளை மறைத்து வைக்கலாயிற்று.

இரண்டாம் உலகப்போர் வந்தது. கிரேக்கத்திலும் கிரீட் தீவிலும் வடஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் 28ஆவது மாவோரிப் படைப்பிரிவு போரிட்டது. அதிற் பணியாற்றிய ஏறத்தாழ 3,600 பேருள் 649 பேர் உயிர் துறந்தனர். நாட்டுக்காக மடியும் பட்டியலிலே அவர்களுக்கு இடமிருந்தது. ஆயினும் 1949இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்ற அணியின் பட்டியலில் ஒரு மாவோரியரும் இல்லை. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராக மதிக்கப்பட்ட ஜோனி சிமித் வீட்டிலிருந்தார். முன்னாட் சேனாதிபதியும் முன்னாட் போர்வீரர் சங்கத்தின் தலைவருமான கிப்பன்பேகர் இதனை வெளிப்படையாகக் கண்டித்தும் பயனில்லை. அந்த அணி நான்கு முதன்மை ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பிற்று. தோல்விக்கு இஃதொன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. வென்றிருந்தாலும் பிழை பிழையே.

இத்தனைக்கும் பின்னரே 1959ஆம் ஆண்டின் கிளர்ச்சி எழுந்தது. மறுஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கும் மாவோரியர் எடுக்கப்படார் என்று தெரிந்ததும், குடிமக்கள் சங்கமொன்று தோன்றிற்று. அதனை முன்னின்று நடத்திய ரோலண்ட் ஒரீகன் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். அவர் மாவோரியர் அல்லர் என்பது குறிக்கத்தக்கது. ‘மாவோரி இல்லையேல் பயணம் இல்லை’ என்பதே அவர்கள் எழுப்பிய கோஷம். விண்ணப்பத்திலே 1,50,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அக்காலத்து நியூசிலாந்தின் குடித்தொகை ஏறத்தாழ 24 இலட்சமே. பதினாறு பேருக்கு ஒருவர் என்னும் கணக்கில் ஒரு நாடு தன் றகர் அணியின் தெரிவை எதிர்த்துக் கையொப்பமிட்டதென்றால் அதனை வெறும் ஆட்டப் பித்து என்று தள்ளிவிட இயலுமா?

தள்ளிவிட்டனர். தள்ளுவதற்கு அவர்கள் கூறிய நியாயங்கள் மூன்று. அம்மூன்றும் பல நாடுகளிலே பல வேடங்களில் உலாவுவனவாதலால் அவற்றை ஆராய்வது தகும்.

முதலாவது, விருந்து செல்வோர் வீட்டுக்காரரின் வழக்கத்துக்கு அமைதல் வேண்டும் என்பது. வீட்டுக்காரர் உணவைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் விதி வகுக்கலாம். விருந்தாளியின் குடும்பத்திலே எவர் பிள்ளை, எவர் பிள்ளையல்லர் என்று விதி வகுக்க அவருக்கு உரிமை ஏது? தன் வயலுக்கு விதைநெல் தெரியும் உழவன், மணி பார்த்துத் தெரிவானேயன்றி, அயலானுக்கு எந்த நெல்லின் நிறம் பிடிக்கும் என்று கேட்டுத் தெரிவானா?

இரண்டாவது, மாவோரியரின் நன்மைக்காகவே அவர்களை விட்டுச் செல்கின்றோம் என்பது. நிறத்தை இழிவின் அடையாளமாகக் கொள்ளும் நாட்டுக்கு அவர்களை அனுப்புவதே கொடுமை என்று பிரதமர் வோல்டர் நாஷ் வாதித்தார். தொழிற்கட்சியின் முதுபெருந் தலைவரான அவர் தீய நோக்கமுடையவர் என்று நாம் எண்ணவில்லை. ஆயினும், இழிவுபடுத்துவோனிடம் செல்லாதே என்று இழிவுபடுவோனைத் தடுத்துவிட்டு, அவனுடைய சகோதரர் மட்டும் சென்று இழிவுபடுத்துவோனுடன் கைகுலுக்குவது எவ்வகைப் பரிவு? உண்மையான பரிவாயின் ஒருவரும் சென்றிரார்.

மூன்றாவது, ஆட்டத்தினுள் அரசியலைப் புகுத்தாதீர் என்பது. புகுத்தியவர் யார்? நிறம் பார்த்துப் பெயரை அடித்தவன் செய்தது ஆட்டமாம். அடித்த பெயரைத் திரும்ப எழுது என்று கேட்டவன் செய்தது அரசியலாம்! இருக்கின்ற அநீதிக்கு அரசியல் என்ற பெயர் இல்லை. அதனை அசைப்பவனுக்கே அப்பெயர் சூட்டப்படுகின்றது. இந்த வாய்ப்பாடு நமது வாசகருக்குப் புதியதன்று.

1960 மார்ச் 21ஆம் நாள் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில் என்னுமிடத்தில் பொலிசார் சுட்டு 69 பேர் மாண்டனர். அதன் பின்னரும் பயணம் நிறுத்தப்படவில்லை. வில்சன் வினரே தலைமையில் வெள்ளையர் மட்டுமேயான அணி சென்றது. நான்கு முதன்மை ஆட்டங்களில் இரண்டில் தோற்று, ஒன்றில் வென்று, ஒன்றைச் சரிநிகராக முடித்துத் திரும்பிற்று.

அவ்வாறாயின் அந்தக் கையொப்பங்கள் வீணாயினவா? இல்லை. 1965இல் தென்னாபிரிக்கப் பிரதமர் வெர்வூட் மாவோரியருக்கு இடமில்லை என்று மீண்டும் குறிப்பாலுணர்த்தியபோது, அதை முன்போல் விழுங்கிக்கொள்ள நியூசிலாந்தால் இயலவில்லை. 1967ஆம் ஆண்டுக்கென வகுத்த பயணத்தைச் சங்கமே கைவிட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன் மக்கள் கேட்டதையே சங்கம் இப்போது தன் முடிவாக அறிவிக்க நேர்ந்தது.

இனி வருவதே இவ்வரலாற்றின் நுண்ணிய பகுதி. 1970இல் தென்னாபிரிக்க அரசு இறங்கி வந்தது. சிட் கோயிங், பிளெயர் பேலோங், பவ் மில்னர் என்னும் மாவோரியர் மூவரும், சமோவா வழிவந்த பிரையன் வில்லியம்சும் அணியிற் சென்றனர். எவ்வாறு சென்றனர்? ‘கௌரவ வெள்ளையர்’ என்னும் பெயருடன்! மாவோரியராக அவர்கள் அங்கே நுழையவில்லை. சில வாரங்களுக்கு வெள்ளையராக எண்ணிக்கொள்ளப்படும் சலுகையுடன் நுழைந்தனர். அந்த ஆட்டக்காரரை நாம் குறைகூறோம். அவர்களின் ஆற்றலைக் கண்டு, ஒதுக்கப்பட்ட பகுதிகளிலே நின்ற தென்னாபிரிக்கக் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஆரவாரித்தனர். ஆனால் அவ்வாறு ஆரவாரித்தவருள் ஒருவரேனும் தம் நாட்டின் அணியிலே இடம்பெற இயலாதிருந்தது.

இங்கேதான் நியூசிலாந்து மக்களுள் ஒரு பகுதியாரின் சிந்தனை ஒருபடி உயர்ந்தது. எங்கள் மாவோரியருக்கு இடங்கிடைத்தாற் போதுமா? அந்நாட்டுக் கறுப்பருக்கு இடமில்லாத ஆடுகளத்திலே நாம் ஆடுவது முறையா? முன்னர் ‘மாவோரி இல்லையேல் பயணம் இல்லை’ என்றவர்கள் இப்போது ‘பயணமே இல்லை’ என்றனர். தனக்கு மட்டும் கதவு திறந்தால் அமைதியடைவது உரிமைக் குரலன்று, சலுகைக் குரல். தன்னோடு அடைபட்டு நின்ற மற்றவனையும் நினைந்து கேட்பதே உரிமைக் குரல்.

அதன் பின் வழக்கு உலக மேடைக்கு ஏறிற்று. 1973இல் பிரதமர் நோர்மன் கேர்க் தென்னாபிரிக்க அணியின் வருகையைத் தடுத்தார். 1976இல் சொவெட்டோ கொந்தளித்துக் கொண்டிருக்கையிலே நியூசிலாந்து அணி அங்கே ஆடியதைக் கண்டித்து, 20க்கு மேற்பட்ட ஆபிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக்கை விட்டு விலகின. 1981இல் தென்னாபிரிக்க அணி நியூசிலாந்துக்கு வந்தபோது 56 நாட்கள் அந்நாடு இரண்டாகப் பிளந்து நின்றது. 28 இடங்களில் 200க்கு மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 1,50,000க்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். ஜூலை 25ஆம் நாள் ஹமில்டன் நகரிலே மக்கள் ஆடுகளத்தினுட் புகுந்து நிற்க, ஆட்டமே கைவிடப்பட்டது. அணித் தலைவர் கிரகம் மோரி, இந்த அணிக்கெதிராக ஆட மாட்டேன் என்று தாமே விலகினார். தெரிவாளர் விடுவதற்கு முன் ஆட்டக்காரரே தம் பெயரை எடுத்துக்கொண்ட அச்செயல் எத்தனையோ வெற்றிகளினும் பெரிது.

நியாயவாதிகளான நமது வாசகர் விரும்பும் செய்தியொன்று உண்டு. 1985இல் மீண்டுமொரு தென்னாபிரிக்கப் பயணத்துக்குச் சங்கம் முடிவு செய்தது. ஊர்க் கழகங்களின் உறுப்பினரான நியாயவாதிகள் இருவர் வழக்குத் தொடுத்தனர். றகர் ஆட்டத்தை வளர்ப்பதே சங்க விதியிற் சொல்லப்பட்ட நோக்கம். இப்பயணமோ அதற்குக் கேடு என்பது அவர்களின் வாதம். ஊர்க் கழக உறுப்பினருக்கு இதைக் கேட்க உரிமை இல்லை என்ற சங்கத்தின் மறுப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் பிறந்த இடைக்காலத் தடையால் பயணம் நின்றது. பட்டியலைக் கேள்வி கேட்க ஊர் மைதானத்து உறுப்பினனுக்கும் நிலை உண்டு என்று சட்டமும் கூறிவிட்டது.

2010ஆம் ஆண்டு மே மாதம் நியூசிலாந்து றகர் சங்கம் தான் விலக்கிவைத்த மாவோரி ஆட்டக்காரரிடம் மன்னிப்புக் கோரிற்று. தென்னாபிரிக்கச் சங்கமும் கோரிற்று. 1960இலிருந்து ஐம்பது ஆண்டுகள்! நெப்பியா 1986இலேயே காலமாகிவிட்டார். மன்னிப்பை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், ஓர் ஆட்டக்காரனின் கால்கள் பத்தாண்டுகளுக்கு மேல் அவனுக்கு உதவுவதில்லை. அந்தப் பத்தாண்டுகளைப் பறித்துவிட்டு ஐம்பதாம் ஆண்டில் வருந்துவது நீதியாகாது. நீதி தவறியதன் ஒப்புதலே ஆகும்.

தென்னாபிரிக்காவும் மாறிற்று. 2018இல் சியா கொலிசி அந்நாட்டு முதன்மை ஆட்ட அணியின் முதலாவது கறுப்பினத் தலைவரானார். அவர் தலைமையில் 2019இலும் 2023இலும் உலகக் கிண்ணம் அவ்வணிக்குக் கிடைத்தது. நிறத்தால் அடைத்து வைத்த கதவைத் திறந்தால் தரம் தாழும் என்றவர்களுக்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

இவ்வரலாற்றை நமது ஏட்டில் ஏன் எழுதுகின்றோம்? பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படுவது என்னவென்று நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களிலே உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை இந்நாட்டின் பட்டியலிலிருந்து அடித்தது. நெடும் போராட்டங்களுக்கும் பல ஒப்பந்தங்களுக்கும் பின், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு றகர் அணியும் ஒரு குடியுரிமையும் சமமல்ல என்பது உண்மை. எனினும் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே: அடுத்தவனின் பெயர் அடிக்கப்படும்போது, பெயர் அடிக்கப்படாதவன் என்ன செய்கின்றான்?

நியூசிலாந்தின் வைத்தியரும் பண்ணைக்காரரும் ஆசிரியரும் 1960இல் தோற்றனர். அவர்கள் கேட்ட பயணத் தடை கிடைக்கவில்லை. ஆயினும், இந்தப் பட்டியல் எங்கள் பெயரால் எழுதப்படவில்லை என்று 1,50,000 பேர் எழுதி வைத்தமையால், பின்வந்த எவரும் ‘அந்நாளில் ஒருவரும் எதிர்க்கவில்லை’ என்று சாக்குச் சொல்ல இயலாமற் போயிற்று. பெயர் அடிக்கப்பட்டவனுக்காக அடிக்கப்படாதவன் இடும் கையொப்பம் அன்றே பலன் தராவிடினும் அழிவதில்லை. அத்தகைய கையொப்பங்களை இடும் துணிவு இந்நாட்டின் எல்லா இனத்தாரிடமும், முதற்கண் நம்மவரிடமும், வளர்தல் வேண்டும்.