நடுநிலைவாத மறுப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை நியாயத்தலம் லக்சம்பர்க்கு நகரின்கண் உள்ளது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் அது வெளியிட்ட தீர்ப்பொன்று, சமயச் சின்னம் பூண்டு தொழில்புரிவோரைப் பற்றிய வழக்குகளுக்கு அந்நாடுகளில் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. அத்தீர்ப்புக்கு உயிர்நிலையாக நிற்பது ‘நடுநிலை’ யென்னும் ஒரு சொல். சொல் நல்ல சொல்லே. அதனாற் குறிக்கப்படும் பொருள் அச்சொல்லுக்கு உரியதுதானோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வழக்கின் வரலாறு இது. பெல்ஜிய நாட்டிலே காவல், வரவேற்பு முதலிய பணிகளை ஒப்புக்கொண்டு நடத்தும் பெரிய கம்பெனி யொன்றில், இசுலாம் சமயத்துப் பெண்மணி ஒருவர் 2003-ஆம் ஆண்டில் வரவேற்பாளராக அமர்ந்தார். மூன்றாண்டு கழிந்தபின், 2006 ஏப்பிரல் திங்களில், இனி வேலை நேரத்திலும் தாம் முக்காடு அணிந்துகொள்ளக் கருதியிருப்பதை மேலோர்க்கு அறிவித்தார். அது கம்பெனியின் நடுநிலைக்கு மாறு என்றனர் மேலோர். சமயம், அரசியல், தத்துவம் பற்றிய கண்ணுக்குப் புலனாகும் எவ்வடையாளமும் கூடாதென்பது அங்கு எழுதாச் சட்டமாய் இருந்ததாம். அவ்வெழுதாச் சட்டத்தை எழுதப்பட்ட விதியாக்க 2006 மே 29-ஆம் நாள் இசைவு பெற்றனர். விதி நடைமுறைக்கு வந்த நாள் சூன் 13. அப்பெண்மணி வேலையினின்று நீக்கப்பட்ட நாள் சூன் 12. நீக்கத்துக்குக் காரணம், முக்காட்டை விடேன் என்று அவர் நின்றதேயாம். விதி பிறப்பதற்கு முன்னாளிலே விதிக்குப் பலி கொடுக்கப்பட்டது காண்க. எழுதாச் சட்டமே போதுமானதாயின் எழுதுதற்கு அத்துணை விரைவு எற்றுக்கு? போதாதெனின், ஒருநாள் பொறுத்தலும் ஆகாதோ?

இனி, நடுநிலைவாதிகள் கூறுமாறு: ‘விதி ஒருவரைக் குறிவைத்துச் செய்யப்பட்டதன்று. சிலுவையாயினும் முக்காடாயினும் தலைப்பாகையாயினும் கட்சிக்குறியாயினும் எல்லாம் ஒருங்கே விலக்கப்பட்டன. எல்லாரையும் ஒப்ப நடத்துவது பாகுபாடாதல் யாங்ஙனம்? முதலிட்டுத் தொழில் நடத்துவோன் தன் தொழிலின் முகம் இன்னவாறு விளங்கவேண்டுமென விரும்புதல் அவனுரிமை. மேலும், தோலின் நிறம்போல முக்காடு கழற்றவொண்ணாத தன்று. காலையிற் கழற்றி வைத்து மாலையிற் புனைந்துகொள்ளலாமே’ என்பர். 2016-இல் இவ்வழக்கின்கண் நியாயத்தலத்துக்குக் கருத்துரை வழங்கிய யூலியானெ கொக்கோட்டு அம்மையார், பால், நிறம் முதலியவற்றைப்போலாது சமய ஒழுக்கத்தைத் தொழிலிடத்து அடக்கிக்கொள்ளல் கூடும் என்ற கருத்தினர். நியாயத்தலமும், விதி நேரான பாகுபாடன்று எனவும், ஒரு சமயத்தாரையே வருத்துமாயின் மறைமுகமான பாகுபாடாகலாம் எனவும், ஆயினும் வாடிக்கைக்காரர்முன் நடுநிலை காட்டுதல் தக்க நோக்கமாதலின், அதனை முரணின்றிச் செலுத்தி, வாடிக்கைக்காரரோடு பழகுவோரளவில் நிறுத்திக்கொள்ளின் ஏற்கத்தகும் எனவும் வரையறுத்தது.

‘எல்லார்க்கும் ஒப்ப’ என்பதை முதற்கண் நோக்குக. ஒரு பந்தியில் நூறுபேர் இருக்கின்றனர். நூறு இலைக்கும் மீன்குழம்பே வார்க்கப்படுகின்றது. தொண்ணூறுபேர் வயிறார உண்டு எழுவர். புலால் மறுத்த பதின்மர் வெறுவயிற்றோடு எழுவர். ‘யான் வேற்றுமை பாராட்டினேனல்லேன், எல்லார்க்கும் ஒன்றே பரிமாறினேன்’ என்று பரிமாறியவன் கூறின், பொய் கூறினான் என்பதற்கில்லை. ஆயினும் அவனை நடுநிலையாளன் என்பார் யார்? உடம்பின்மேற் குறியொன்றும் வேண்டாத சமயத்தானுக்கு இவ்விதியால் இழப்பு யாதுமில்லை. குறியையே ஒழுக்கமாகக் கொண்டவனுக்கோ வேலையேனும் ஒழுக்கமேனும் இழத்தல் தவிராது.

வெறுந்தலை என்பது எச்சார்புமற்ற நிலையென்று கொண்டதும் பிழையே. கிறித்தவ ஆடவர் கோயிலினுட் புகுங்கால் தலைக்கவிப்பைக் கழற்றுவர்; யூதரும் சீக்கியரும் தலையை மூடுதலையே வணக்கமாகக் கொள்வர். ஆகவே வெறுந்தலையும் ஒரு மரபின் வழக்கமேயன்றி, மரபுகட்கெல்லாம் நடுவே நிற்பதொன்றன்று. ஞாயிறு தோறும் கடையடைப்பதும், கிறித்து பிறந்தநாளுக்கு விடுமுறை விடுவதும் சமயக்குறியாக அவர்கட்குத் தோன்றுவதில்லை. பழகிய குறி கண்ணிற் படாது, பழகாதது உறுத்தும். கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்திலே, ஆசிரியர், காவலர், நீதிபதிகள் முதலியோர் சமயச் சின்னம் அணிதலாகாதென 2019 சூன் திங்களில் சட்டம் இயற்றினர். அச்சட்டம் இயற்றிய பேரவை மண்டபத்திலே 1936 முதல் தொங்கிய சிலுவை அன்றும் அங்கேயே தொங்கிற்று. அடுத்த திங்களிலேதான் இறக்கப்பட்டது. பிறர் கழுத்துச் சிலுவையைக் கண்டவர்க்குத் தம் தலைக்குமேல் இருந்தது காணப் பிந்திற்று போலும்.

வாடிக்கைக்காரர் பெயரால் எழும் வாதத்துக்கு வருவோம். அம் மார்ச்சு 14-ஆம் நாளிலேயே பிரான்சு நாட்டு வழக்கொன்றிலும் அதே நியாயத்தலம் தீர்ப்புரைத்தது. ஆண்டுப் பொறிநுட்பப் பணியிலிருந்த பெண்மணி ஒருவரை, ‘அடுத்தமுறை முக்காடின்றி வரட்டும்’ என்று வாடிக்கைக்காரர் வேண்டினமையால் 2009-இல் நீக்கினர். வாடிக்கைக்காரரின் அத்தகைய விருப்பம் தொழிலுக்கு இன்றியமையாத தகுதியாகாது என நியாயத்தலம் உரைத்தது. செவ்விய தீர்ப்பு. ஆனால் இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். வாடிக்கைக்காரன் வாய்திறந்து கேட்டால் அது செல்லாது; அவன் கேட்பானென முதலாளி தானே கருதிக்கொண்டு, முற்கூட்டியே ஒரு விதியாக எழுதிவைத்தால் செல்லும். வெறுப்பு ஒருவன் வாயிலிருந்து வந்தால் வெறுப்பு. ஏட்டில் ஏறினால் நடுநிலை! பெல்ஜிய வழக்கில், நீக்குதற்கு முன், வாடிக்கைக்காரர் கண்ணிற் படாத வேறிடத்தில் அப்பெண்மணியை அமர்த்தல் இயலுமோவென ஆராய்தல் வேண்டுமென்றும் கூறப்பட்டது. இஃது இரக்கம்போலத் தோன்றினும், முன்வாயிலில் இருந்தவரைப் பின்கட்டுக்கு அனுப்பும் ஏற்பாடேயாம்.

‘முக்காடு ஆடவர் மகளிர்மேற் சுமத்தியது, விலக்குதல் மகளிர்க்கு விடுதலை’ என்பார் ஒருசாரார். சிலரிடத்து அது சுமத்தப்பட்டதாகவே கொள்வோம். அங்ஙனமாயின், சொந்தக் கைப்பொருள் ஈட்டிய பெண்ணின் வேலையைப் பறித்து, யார் சுமத்தினரோ அவர் கையையே எதிர்பார்க்கும்படி வீட்டுக்கு அனுப்புவது எவ்வகை விடுதலை? தாமே விரும்பி அணிந்தாராயின், விடுவிக்கவேண்டிய கட்டு ஏது? இரு கவட்டிலும் இவ்வாதம் நில்லாது.

இனிக் ‘கழற்றி வைக்கலாமே’ என்னும் கூற்று. சமயநூல் கட்டாயமாக விதித்ததையே காக்கவேண்டும், விரும்பி மேற்கொண்டதைக் காக்கவேண்டா என்பது இதன் உட்கிடை. தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நியாயத்தலம் 2007-இல் இதனை மறுத்தது. தர்பன் நகரிலே தமிழ்மரபினளான மாணவி ஒருத்தி மூக்குத்தி அணிந்து பள்ளிக்குச் சென்றாள். பள்ளியின் உடைவிதி தடுத்தது. சமயநூலின் கட்டளையன்று, பாட்டி வழியாக வந்த குடும்பவழக்கே என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. ஆயினும் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு, விரும்பிக் கைக்கொள்ளும் ஒழுக்கமும் காக்கற்பாலதே என்றும், விலக்களிக்க மறுத்தது முறையற்ற பாகுபாடே என்றும் முடிவு கூறிற்று. பள்ளிவழக்காயினும் நியாயம் தொழிலிடத்துக்கும் ஒக்கும். பிறர் முக்காட்டைப்பற்றிய சண்டைதானேயென்று ஒதுங்கியிருக்கும் சைவர் ஒன்று நினைக்க: ‘கண்ணுக்குப் புலனாகும் எவ்வடையாளமும்’ என்ற தொடரினுள், நெற்றியின் திருநீறும் கழுத்தின் உருத்திராக்கமும் அடங்கும். திருநீற்றைக் காலையில் அழித்து மாலையில் இட்டுக்கொள்க என்பார்க்கு அவர் என்ன விடையிறுப்பரோ, அதுவே அப்பெண்மணியின் விடை.

அற்றேல், தொழிலிடத்தில் எத்தடையும் ஆகாதோவெனின், அங்ஙனம் கூறுதல் அதிவியாப்தியாம். 2013 சனவரி 15-இல் ஐரோப்பிய மனிதவுரிமை நியாயத்தலம் ஆங்கிலநாட்டு வழக்குகள் இரண்டை ஒருங்கே தீர்த்த முறை ஈண்டுக் கருதத்தக்கது. விமானக் கம்பெனியிற் பணிபுரிந்த ஒருவர் கழுத்துச் சிலுவையை வெளித்தோன்ற அணிந்தமையால் 2006-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தலைப்பாகையும் முக்காடும் அங்கே முன்னரே இசைவுபெற்றிருந்தன. அவற்றாற் கம்பெனிக்கு ஊறு விளைந்ததாகச் சான்றில்லை. கம்பெனியும் பின்னர் 2007-இல் விதியைத் தளர்த்திற்று. ஆதலின் அவர்பக்கம் தீர்ப்பாயிற்று. மற்றொருவர் செவிலியர். நோயாளி பற்றி இழுக்கவும், புண்ணிற் படவும் கூடுமென்று மருத்துவமனை அவர் கழுத்துச் சங்கிலியைத் தடுத்தது. அத்தடை செல்லுமெனப்பட்டது. பின்னது நோயாளியின் உடம்பைக் காப்பது. முன்னது கம்பெனியின் தோற்றத்தைக் காப்பது. இவ்விரண்டையும் ஒருநிறையாக நிறுப்பவரே நடுநிலைவாதிகள்.

விலக்களித்தால் தொழில் கெடும் என்ற அச்சமும் பழையதே. ஆங்கிலநாட்டு உல்வர்காம்டன் நகரப் பேருந்துத் தொழிலிற் சீக்கியர் தாடியும் தலைப்பாகையும் கொள்ளுதல் கூடாதென 1967-இல் தடுத்தனர். உலகப்போர் இரண்டிலும் தலைப்பாகையோடு போரிட்டவர் பேருந்து ஓட்டுதற்கு அது தடையென்றது வியப்பே. நெடிய போராட்டத்தின்பின் 1969-இல் தடை நீங்கிற்று. பேருந்துகள் ஓடின. கட்டடத் தொழிலிடத்துத் தலைக்கவசத்தினின்று தலைப்பாகையணிந்த சீக்கியர்க்கு 1989-இல் அந்நாட்டுச் சட்டம் விலக்களித்தது. 2015-இல் அவ்விலக்குப் பிற தொழிலிடங்கட்கும் விரிந்தது. அமெரிக்க உச்சநீதிமன்றமோ, முக்காடணிந்து வேலைகேட்ட பெண்ணொருத்தியைத் துணிக்கடைக் கம்பெனியொன்று ஒதுக்கிய வழக்கில், 2015 சூன் 1-ஆம் நாள் எட்டு நீதிபதிகள் ஒருபுறமாக, கம்பெனியின் வாதத்தை மறுத்தது. நீதிபதி ஸ்காலியா எழுதிய அத்தீர்ப்பின் கருத்து, தொழிற்சட்டம் சமய ஒழுக்கத்துக்கு வேண்டுவது வெறும் நடுநிலையன்று, சிறப்பிடமே என்பது. பொதுவிதியைக் காட்டித் தப்புதல் ஆண்டு இயலாது.

லக்சம்பர்க்கு நியாயத்தலமும் தன் தீர்ப்பைப் பின்னர்ச் சிறிது திருத்திக்கொண்டது. 2021 சூலை 15-இல், சேருமானிய நாட்டுக் குழந்தைக்காப்பகம் ஒன்றும் மருந்துப்பொருட் கடை யொன்றும் பற்றிய வழக்குகளில், நடுநிலை விரும்பினேன் என்று முதலாளி கூறுதல் மட்டும் போதாது, உண்மையான தேவையைக் காட்டல் வேண்டும் என்றது. இது நன்று. ஆனால் பெரிய சின்னங்களை மட்டும் விலக்குதல் நேரான பாகுபாடாகக்கூடும் என்று அத்தீர்ப்பே கூறியதனால், விலக்குவோர் சிறிய சிலுவையையும் சேர்த்தே விலக்கும்படியாயிற்று. ஒருவன் இலையில் சோறு இல்லையென்று முறையிட, அடுத்தவன் இலையையும் எடுத்துவிட்டனர்.

பின்னர் 2023 நவம்பர் 28-இல் வந்தது ஆன்சு என்னும் பெல்ஜிய நகராட்சியின் வழக்கு. அங்கே முக்காடு அணியக் கருதிய பெண்மணி, பெரும்பாலும் பொதுமக்கள் கண்ணிற் படாத அலுவலகப்பணி செய்தவர். முன்னே கூறப்பட்ட ஏது யாது? வாடிக்கைக்காரர் காண்பர் என்பது. இங்கே காண்பார் இலர். ஏது ஒழிந்தால் அதனாற் பெறப்பட்ட துணிபும் ஒழிதல் வேண்டுமென்பது அளவைநூல் கற்குஞ் சிறுவரும் அறிவர். நியாயத்தலமோ, முற்றும் நடுநிலையான நிருவாகச் சூழலை அமைத்தற்பொருட்டுப் பொதுமக்களைக் காணாத பணியாளர்க்கும் தடைவிதிக்க ஓர் அரசு நிறுவனம் விரும்பின் விதிக்கலாம், சின்னங்களை இசைய விரும்பின் இசையலாம் என்று விட்டது. பின்கட்டுக்குச் செல்க என்றவர், பின்கட்டிலும் கழற்றுக என்றனர்.