ஆங்கிலம் பேச ஏன் அஞ்சுகிறோம்?

எங்கள் வகுப்பில் சென்ற ஜூலை மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று எங்களோடு புதிதாகச் சேர்ந்த தோழி ஒருத்தி, முந்திய நாள் ஏன் வரவில்லை என்று கேட்ட சிஸ்டரிடம், "ஐ டிட் நாட் கேம் எஸ்டர்டே, பிகாஸ் ஃபீவர்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நாங்களும்தான் சிரித்தோம். அரையாண்டுத் தேர்வு வரையில் அவள் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அவள் செய்த பிழைதான் என்ன? நடந்து முடிந்த செயல் ஆதலால் இறந்தகாலத்தை இரு முறை சொல்லிவிட்டாள். 'டிட்' வந்தால் 'கேம்' என்பது 'கம்' ஆகிவிடும் என்ற விதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் அவளுக்கு நன்றாகவே தெரியும். எழுதும்போது யோசிக்க நேரமுண்டு, பேசும்போது இல்லை. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிதானமாக வருகிறது. ஆங்கிலத்திலோ 'நான்' என்றவுடனே வினையைத் தேட வேண்டும். ஒலிகளும் அப்படியே. 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது முதுகில் மாட்டும் பையா, முதுகேதானா? நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. அவர்கள் மொழியில் வேறு வேறு. புதிதாகப் பேசத் தொடங்குபவள் தடுமாறாமல் என்ன செய்வாள்?

ஆனால் அதே தோழி, அக்டோபர் மாதம் ஆங்கிலத்தில் செபமாலை சொன்னபோது 'ஹெயில் மேரி'யை 53 முறையும் தடங்கலின்றிச் சொன்னாள். மனப்பாடம் வேறு, சொந்தப் பேச்சு வேறு என்பீர்கள். உண்மைதான். ஆயினும் அவள் நாவுக்குக் குறையில்லை என்பது தெரிகிறதல்லவா? சிற்றாலயத்தில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அவள் வாயை அடைத்தது இலக்கணமன்று, எங்கள் சிரிப்பே என்பது எங்கள் கருத்து.

தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகளும் உண்டென்று கேள்விப்படுகிறோம். அபராதத்துக்கு அஞ்சியவள் ஆங்கிலமா பேசுவாள்? பேசாமல் இருப்பாள், அல்லது மூலையில் ஒதுங்கித் தமிழ் பேசுவாள்.

பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு விருந்தினர் வந்ததும், "எங்கே, மாமாகிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசு" என்று எங்களை நடுக்கூடத்தில் நிறுத்தாதீர்கள். அந்நேரத்தில் எங்களுக்குத் தமிழும் மறந்துபோகிறது!

1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், வளர்ந்து குருவான பின்னரே தமிழகம் வந்து தமிழைக் கற்றார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். நம் ழகரத்தோடு அவர் எத்தனை நாள் போராடினாரோ! அவர் எதிரே நின்று கேட்டவர்கள் எங்களைப் போல் சிரித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு.

பொங்கல் விடுமுறைக்குப் பின், மதிய உணவு முடிந்ததும் வேப்பமரத்தடியில் 15 நிமிடம் ஆங்கிலத்தில் பேசி வருகிறோம். டிபன் பாக்ஸில் என்ன இருந்தது, பஸ்ஸில் கண்டக்டர் என்ன சொன்னார் என்பவைதாம் பேச்சு. பேசுபவளை இடையில் திருத்தக் கூடாது. பிழைக்காகச் சிரிக்கக் கூடாது. (வேடிக்கைக்குச் சிரிக்கலாம்.) சிஸ்டர் எங்கள் பிழைகளைக் குறித்துக்கொண்டு, யாருடையது என்று சொல்லாமல், மறுநாள் கரும்பலகையில் விளக்குகிறார். அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்தோம். முதல் வாரம் வரவில்லை. இப்போது வந்து உட்காருகிறாள். அவள் முறை வரும்போது "டுமாரோ" என்கிறாள். நாங்களும் சரியென்று அடுத்தவளிடம் போகிறோம்.